காஸ்கல் அம்மையார் கண்ட ஹாவொர்த் குருமனை

புதிய ஆயர் ஒருவர் குடும்பத்தோடு ஒரு சேகரத்திற்கு வந்திறங்கும் நாளை இரண்டு இடங்களில் நின்று எழுதலாம். ஒன்று தெரு, மற்றொன்று வீட்டின் உட்புறம். தெருவில் நிற்பவர் வண்டிகளை எண்ணுவார். சாமான்களின் தரத்தைக் கொண்டு வந்திருப்பவரின் நிலையை மதிப்பிடுவார். உள்ளே நிற்பவருக்கோ குழந்தையின் மாற்றுத் துணி எந்தப் பெட்டியில் இருக்கிறது, அடுப்பின் புகைவழி அடைபட்டிருக்கிறதா, குடிநீர் எங்கிருந்து வரவேண்டும் என்பவையே அன்றைய கேள்விகள். 1857ஆம் ஆண்டில் வெளிவந்த எலிசபெத் காஸ்கல் அம்மையாரின் ‘ஷார்லட் பிராண்டேயின் வாழ்க்கை’ என்ற நூல், இத்தகைய ஒரு நாளைத் தெருவில் நின்று எழுதிய நூலாகும். 1820ஆம் ஆண்டில் யார்க்ஷயரின் ஹாவொர்த் என்னும் மலையூரின் செங்குத்தான கல்தெருவில், பாரமேற்றிய ஏழு வண்டிகள் மெல்ல ஏறிச் சென்றதை நேரிற் கண்ட முதியோர் தாம் எழுதும் காலத்தில் உயிரோடிருந்தனர் என்று அவர் குறிப்பிடுகிறார். அந்த ஏழு வண்டிகளை ஒருமுறை படித்தவர் மறப்பதில்லை. ஆயினும் அவ்வண்டிகளிலிருந்து இறங்கியவர்களுக்கு அடுத்த பதினெட்டு மாதங்களில் நேர்ந்ததை அந்நூல் எவ்வாறு சொல்லுகிறது என்று பார்க்கும்போது, ஆயர் குடும்பங்களில் வாழ்வோராகிய நமக்கு ஒரு முறையீடு எழாமற் போவதில்லை.

நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் ‘ஜேன் அயர்’ நாவலை அறிவர். அதன் ஆசிரியை ஷார்லட்டும், அவருடைய தங்கையராகிய எமிலியும் ஆனும் ஓர் ஆயரின் புதல்வியர் என்பதும் பொதுவாகத் தெரிந்ததே. ஆனால் அந்த ஆயர் யார் என்று கேட்டால், கடுமையானவர், விசித்திரமானவர், மனைவி மக்களைத் தம் அறைக் கதவிற்கு வெளியே நிறுத்தி வைத்தவர் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இவ்விடை எங்கிருந்து வந்தது என்று தேடிச் சென்றால் காஸ்கலின் முதல் தொகுதியிற் சென்று முடியும். பாட்ரிக் பிராண்டேயைப் பற்றி உலகம் கொண்டிருக்கும் எண்ணத்தில் பெரும்பகுதி அந்த ஒரே நூல் இட்ட கொடை.

இதிலுள்ள வேதனை என்னவெனில், அந்த நூலை எழுதும்படி வேண்டிக்கொண்டவரே பாட்ரிக்தான். ஷார்லட் 1855 மார்ச் 31 அன்று இறந்தார். அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் வதந்திகள் பரவின. அவற்றிற்கு முடிவு கட்டக் கருதிய தந்தை, அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் காஸ்கலுக்குக் கடிதம் எழுதி, மகளின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 78. ஆறு பிள்ளைகளையும் மனைவியையும் அடக்கம் செய்தபின், மருமகனோடு அந்த வீட்டில் எஞ்சியிருந்தவர். காஸ்கலோ மான்செஸ்டரில் கிராஸ் தெரு ஆலயத்தின் யூனிட்டேரியன் ஆயராகிய வில்லியம் காஸ்கலின் மனைவி. அவருடைய தந்தையும் ஒரு காலத்தில் அதே மரபில் திருப்பணியாற்றிப் பின் அதை விட்டு நீங்கியவர். ஆகவே ஆயர் குடும்பத்தின் வாழ்வை இவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவேண்டிய தேவையிருக்கவில்லை. இதை மனத்திற் கொள்வது அவசியம். ஏனெனில் அவருடைய பார்வையிலுள்ள குறையை அறியாமையின் மேல் ஏற்றிவிட நமக்கு வழியில்லை.

முதலில் சேகரத்தைப் பார்ப்போம். ஹாவொர்த் அக்காலத்தில் தனிச் சேகரமன்று. பிராட்ஃபோர்ட் பெருஞ்சேகரத்தின் கிளை. ஆயரை நியமிக்கும் உரிமை பிராட்ஃபோர்டின் தலைமைக் குருவுக்கு இருந்தது. ஆயின் அவருக்கு ஊதியம் தரும் திருச்சபை நிலங்கள் ஊர் டிரஸ்டிகளின் கையில் இருந்தன. தங்கள் இசைவின்றி வருபவருக்கு வருமானத்தை நிறுத்திவிடும் வல்லமை அவர்களுக்கு உண்டு. ஒருவரிடம் நியமனமும் மற்றவரிடம் பணமும் இருக்கும் ஓர் ஏற்பாட்டில், இடையில் நிற்கும் ஆயரின் நிலை எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை. 1819ஆம் ஆண்டில் ஹாவொர்த்தின் முந்தைய ஆயர் இறந்ததும், தலைமைக் குருவாகிய ஹென்றி ஹீப் டிரஸ்டிகளைக் கலக்காமல் பாட்ரிக்கை நியமித்தார். சபையார் எதிர்த்தனர், அந்த எதிர்ப்பு ஆளின்மேல் அன்று, முறையின்மேல். நிலைமையை உணர்ந்த பாட்ரிக் விலகிக்கொண்டார். அடுத்து சாமுவேல் ரெட்ஹெட் என்பவர் நியமிக்கப்பட்டார். அவருக்கு நேர்ந்ததைக் காஸ்கல் மிகுந்த சுவையோடு எழுதியிருக்கிறார். முதல் ஞாயிறு, வேதபாடம் வாசிக்கப்படும்போது மக்கள் மரக்காலணிகள் தடதடக்க எழுந்து வெளியேறினர். அடுத்த ஞாயிறு, தலையில் தொப்பிகளை அடுக்கிக்கொண்ட ஒருவன் கழுதையின்மேல் பின்புறம் நோக்கி அமர்ந்து ஆலயத்திற்குள் ஏற்றப்பட்டான். மூன்றாம் ஞாயிறு, குடிவெறியிலிருந்த புகைபோக்கி துப்புரவாளன் ஒருவன் ஆயரைக் கட்டித் தழுவ ஏவப்பட்டான். ரெட்ஹெட் ஒதுங்கிக்கொண்டார். பிறகு இரு தரப்பாரும் உடன்பட்டுப் பாட்ரிக்கையே ஏற்றனர்.

இக்காட்சிகளை எழுதும்போது காஸ்கலின் எழுதுகோலில் கொண்டாட்டம் தெரிகிறது. ஊராரின் முரட்டுத்தனம் தெளிவாகத் துலங்குகிறது. ஆனால் ஒரு முறை விலகி, மறுமுறை இரு தரப்பின் ஒப்புதலோடு வந்த ஒரு மனிதரின் பொறுமை அவ்விவரணையில் மங்கிப் போய்விடுகிறது. சபையாருக்கு ஓர் உரிமை இருந்தது. அதை அவர்கள் அவலட்சணமான முறையிற் காத்துக்கொண்டனர். அவ்வுரிமையைப் பாட்ரிக் மதித்தார் என்பதாலேயே நாற்பத்தொரு ஆண்டுகள் அங்கு ஆயராக இருக்க முடிந்தது. ஒரு சேகரத்தில் குடியேறுவது என்பது சாமான்களை இறக்கிவைப்பதற்கு நெடுநாள் முன்னரே இத்தகைய பேச்சுவார்த்தைகளில் தொடங்கிவிடுகிறது. தெருவில் நிற்பவருக்கு இது தென்படாது.

மற்றொரு பாரமும் அங்குக் காத்திருந்தது. 1742 முதல் 1763 வரை ஹாவொர்த்தில் பணியாற்றிய வில்லியம் கிரிம்ஷாவின் நினைவு அது. வெஸ்லியும் வைட்ஃபீல்டும் வந்து அருளுரையாற்றிய ஊர் அது. கிரிம்ஷா ஆராதனை நேரத்தில் வெளியே வந்து, சாராயக்கடைகளில் இருப்போரைச் சவுக்குடன் ஆலயத்திற்கு ஓட்டிவந்தார் என்ற கதைகளைக் காஸ்கல் காலத்திலும் மக்கள் சொல்லிக்கொண்டிருந்தனர். அவர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் வந்தவரையும் அந்த அளவுகோலாலேயே அளந்திருப்பர். “இவருக்கு முன்னிருந்தவர்” என்ற சொற்றொடரைக் கேளாத ஆயர் உண்டோ?

இனி அந்த ஏழு வண்டிகளுக்குத் திரும்புவோம். அயர்லாந்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் 1777இல் பிறந்து, தம் முயற்சியாலும் பிறர் உதவியாலும் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியை எட்டியவர் பாட்ரிக். அங்கே அவருடைய வறுமையைக் கண்டு, வில்பர்ஃபோர்ஸ் முதலியோரிடம் எடுத்துரைத்துப் பண உதவி பெற்றுத் தந்தவர் ஹென்றி மார்ட்டின். பின்னர் 1806இல் நம் நாட்டிற்கு வந்து புதிய ஏற்பாட்டை உருதுவில் மொழிபெயர்த்த அதே மார்ட்டின்தான். பாட்ரிக்கின் மனைவி மரியா, கார்ன்வாலின் தென்கோடியிலுள்ள பென்சான்சில் வசதியான வணிகக் குடும்பத்திற் பிறந்தவர். 1812 டிசம்பரில் திருமணம் நடந்தது. 1820இல் ஹாவொர்த்துக்கு வரும்போது ஆறு குழந்தைகள். மூத்தவளுக்கு ஆறு வயதை ஒட்டிய பருவம். இளையவள் ஆன், சனவரி 17இல் பிறந்தவள். குடும்பம் ஏப்ரலில் இடம்பெயர்ந்தபோது அவள் மூன்று மாதக் கைக்குழந்தை. நான்சி, சாரா கார்ஸ் என்னும் இரு சகோதரியர் பணிப்பெண்களாக உடன் வந்தனர்.

அவர்கள் விட்டுவந்த தார்ன்டன் சில மைல் தொலைவுதான். ஆனால் மரியாவைப் பொறுத்தவரை அது வேறு உலகம். தார்ன்டனில் கிப்பிங் இல்லத்து ஃபர்த் குடும்பத்தினரோடு நெருங்கிய நட்பு இருந்தது. எலிசபெத் ஃபர்த் எழுதிவைத்த நாட்குறிப்பில் இரு வீட்டாரும் தேநீருக்காக ஒருவர் வீட்டிற்கு மற்றவர் போய்வந்த செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைப்பேற்றுக் காலங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆட்கள் இருந்தனர். ஹாவொர்த்திலோ நண்பர் என்று சொல்லத்தக்கவர் எவரும் இன்னும் இல்லை. வந்த ஓராண்டு நிறைவதற்கு முன், 1821 சனவரியில், மரியா படுக்கையில் விழுந்தார். ஏழு மாதங்களுக்கும் மேலாக வேதனைப்பட்டு, செப்டம்பர் 15 அன்று இறந்தார். அந்நோய்க் காலத்திலேயே ஆறு குழந்தைகளுக்கும் செங்காய்ச்சல் கண்டது.

இக்காலத்தைப் பற்றிப் பாட்ரிக் எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. தாம் முன்பு உதவிக் குருவாகப் பணியாற்றிய டியூஸ்பரியின் ஆயருக்கு அவர் 1821 நவம்பரில் எழுதியது. தார்ன்டனில் இருந்திருந்தால் ஆறுதல் சொல்ல அன்பர்கள் இருந்திருப்பர். ஹாவொர்த்திலோ தாம் அந்நியன் என்று அதில் சொல்லுகிறார். சொல்லும்போது, மோசே தன் மகனுக்குக் கெர்சோம் என்று பெயரிட்டதற்குக் கூறிய காரணத்தின் சொற்களையே எடுத்தாளுகிறார். ஊதியத்தை விழுங்கிய மருத்துவச் செலவு, அதனால் ஏறிய கடன், பழைய நண்பர்கள் சேர்த்தனுப்பிய பணம் யாவும் அக்கடிதத்தில் வருகின்றன. பெருமை பேசும் கடிதமன்று. அழுது புலம்பும் கடிதமுமன்று. புதிய சேகரத்தில் துணையற்று நின்ற ஓர் ஆயரின் குரல். காஸ்கலின் பக்கங்களில் இக்குரல் கேட்கவில்லை.

அந்த இடத்தில் அவர் நமக்குத் தருவது என்ன? நனைந்து வரும் குழந்தைகளுக்காகத் தாதி எடுத்துவைத்த வண்ணக் காலணிகளை ஆடம்பரம் என்று தந்தை நெருப்பிலிட்டார். மனைவிக்குப் பரிசாக வந்த பட்டு அங்கியைத் துண்டு துண்டாக வெட்டினார். சினம் மூண்டால் கணப்பு விரிப்பைத் தீயில் திணித்தார். நாற்காலிகளின் முதுகை அறுத்தார். கைத்துப்பாக்கியைக் கொல்லைப்புறத்தில் சுட்டுத் தீர்த்தார். பிள்ளைகளுக்கு இறைச்சி கொடாது உருளைக்கிழங்கையே உணவாக்கினார். முதற்பதிப்பில் இவையெல்லாம் நடந்த உண்மைகளாகவே வந்துள்ளன. இவற்றிற் பலவற்றிற்கு ஊற்று, மரியாவின் இறுதி நோயில் பணிவிடை செய்யவந்து, பின் வேலையினின்று நீக்கப்பட்ட ஒரு தாதி. அவள் சொன்னதை வேறொரு சீமாட்டி கேட்டு, அவர் வழியாகக் காஸ்கலின் காதுக்கு எட்டியது. நீக்கப்பட்ட பணியாளின் சாட்சியம் பொய்யாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. ஆனால் அதை மற்றொரு சாட்சியின்றி அச்சேற்றுவதற்கு முன், அதே வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்த கார்ஸ் சகோதரியரைத் தேடிப்பிடித்துக் கேட்டிருக்கலாம். அவர்கள் அப்போது உயிரோடிருந்தனர். இறைச்சி இல்லை என்ற கதையைப் பிற்காலத்தில் அவர்கள் மறுத்தனர்.

முறையீடு செய்யும் உரிமை யாருக்காவது இருந்ததெனில் அது பாட்ரிக்குக்கே. அவர் செய்தது என்ன? நூலை மொத்தத்தில் பாராட்டினார். பிள்ளைகளைக் காய்கறி உணவிற்குக் கட்டுப்படுத்தியதாகச் சொன்னது பிழை, அப்படித் தாம் செய்ததே இல்லை என்று அடக்கமாக எழுதினார். தாம் சற்று விசித்திரமானவர் என்பதை மறுக்கவில்லை. உலகத்தாரைப்போல் அமைதியும் ஒழுங்கும் உடையவராகத் தாம் இருந்திருந்தால், இத்தகைய பிள்ளைகளைப் பெற்றிருக்க மாட்டார் என்ற கருத்தை அவர் எழுதியபோது, அதில் ஒரு மெல்லிய நகைச்சுவையும் இழையோடியது. கார்ஸ் சகோதரியர் வீண்செலவு செய்பவர்கள் என்று நூல் சொன்னதைப் பற்றியோ அவர் சும்மா இருக்கவில்லை. அவர்கள் நேர்மையானவர்கள், பிள்ளைகளிடம் அன்பானவர்கள், வீண்செலவு செய்யாதவர்கள் என்று 1857 ஆகஸ்டில் தம் கைப்பட நற்சான்று எழுதிக் கொடுத்தார். தம் பெயருக்கு நேர்ந்த இழுக்கைவிடத் தம் வீட்டுப் பணிப்பெண்களின் பெயருக்கு நேர்ந்த இழுக்கு அவருக்குப் பெரிதாகப்பட்டிருக்கிறது. காஸ்கல் வரைந்த சித்திரத்தை மறுக்க இந்த ஒரு தாள் போதும் என்பேன்.

காஸ்கலுக்கு உட்புறத்தைக் காணும் கண் இல்லையா? இங்குத்தான் அவருடைய மற்றொரு நூலை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். இவ்வரலாற்றுக்குச் சற்று முன், 1854-55இல், டிக்கன்ஸ் நடத்திய இதழில் தொடராக வெளிவந்த ‘வடக்கும் தெற்கும்’ என்னும் அவருடைய நாவலின் கருவே, ஓர் ஆயர் குடும்பம் புதிய ஊரிற் குடியேறுவதுதான். ஹெல்ஸ்டன் என்னும் தென்னாட்டுச் சிற்றூரின் ஆயராகிய ஹேல், மனச்சாட்சியின் ஐயங்களால் திருப்பணியைத் துறக்கிறார். மனைவியிடம் இதைச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. மகள் மார்கரெட்டிடம் சொல்லி, தாயிடம் தெரிவிக்கும் பொறுப்பை அவள் தலையிற் கட்டுகிறார். குருமனையை இரு வாரங்களுக்குள் காலி செய்தாகவேண்டும். எதைக் கட்டுவது, எதை விற்பது என்று தீர்மானிக்க முடியாமல் தந்தை ஒரு புறம். நோயிலும் மனத்தாங்கலிலும் தளர்ந்த தாய் ஒரு புறம். பத்தொன்பது வயதுப் பெண் தன் துயரை ஒதுக்கிவைத்து, மூட்டை கட்டும் ஆட்களுக்குக் கட்டளையிடுகிறாள். மில்டன் என்னும் தொழில் நகரிற் பிடித்த வாடகை வீட்டின் சுவர்த்தாளில் அருவருப்பான நீல, இளஞ்சிவப்பு ரோஜாக்கள். தாள் மாற்ற வீட்டுக்காரர் மறுத்துவிடுகிறார். பின் எப்படியோ மாறியிருக்கிறது. ஆலை முதலாளி ஒருவர் சொல்லிச் செய்வித்தார் என்பது குடும்பத்தாருக்குத் தெரியாது. புதிய வீட்டின் சன்னலுக்கு வெளியே பனிமூட்டமும் புகையும். இடம்பெயர்தலின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக எழுதிய பக்கங்கள் ஆங்கில நாவல்களிற் சிலவே. ஹேலின் பலவீனத்தை அவர் மறைக்கவில்லை. அதற்காக அவரை இகழவுமில்லை. ஹேலின் மனைவியும் புதிய ஊரிலேயே இறக்கிறார். அந்த மரணத்தின் முன் கணவர் நிலைகுலைந்து நிற்பதை எழுதிய கைதான், ஈராண்டுகளுக்குள் மரியா பிராண்டேயின் மரண அறையைக் கடந்து காலணிக் கதைக்குப் போயிற்று. கற்பனை ஆயருக்குக் கிடைத்த நீதி, உயிரோடிருந்த ஆயருக்குக் கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது காஸ்கலுக்கு நாம் செய்யும் அநீதியாகும். ‘ஜேன் அயர்’ வெளிவந்தபோது, அதன் ஆசிரியை பண்பற்றவர், கிறிஸ்தவ உணர்வற்றவர் என்ற கண்டனங்கள் எழுந்தன. 1848 டிசம்பரில் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’வில் எலிசபெத் ரிக்பி எழுதிய மதிப்புரை அவற்றில் மிகக் கொடியது. எமிலி இறந்த அதே மாதத்தில் அது வந்தது. தோழியின் மேல் படிந்த இந்த மாசைத் துடைப்பதே காஸ்கலின் நோக்கம். துடைப்பதற்கு அவர் கண்ட வழி, ஷார்லட்டின் எழுத்திலுள்ள முரட்டுத்தன்மைக்கு அவர் பொறுப்பல்லர், அவர் வளர்ந்த ஊரும் வீடுமே பொறுப்பு என்று காட்டுவது. எனவே ஹாவொர்த் காட்டுமிராண்டிகளின் ஊராக வேண்டியிருந்தது; தந்தை அஞ்சத்தக்கவராக வேண்டியிருந்தது. மகளை விடுவிக்கும் வழக்கில் தந்தையும் சபையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டனர். நோக்கம் அன்பினால் பிறந்ததே. ஆனால் ஒருவரைப் புனிதராக்க மற்றொருவரைப் பலியிடும் வாழ்க்கை வரலாறுகள் சமயவுலகிலும் இலக்கியவுலகிலும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், இதைச் சிறு குறையென்று தள்ள மனம் வரவில்லை.

ஊரைப் பற்றிய சித்திரமும் இவ்வாறே. ஹாவொர்த் உலகினின்று துண்டிக்கப்பட்ட பாழ்நிலத்துக் குக்கிராமமன்று. 1820களில் 4,500 பேருக்கு மேல் வாழ்ந்த சேகரம்; கம்பளி ஆலைகளும், வீட்டிலிருந்தே கம்பளி சீவுவோரும், பாப்டிஸ்டு, மெதடிஸ்டு சபைகளும் நிறைந்த தொழிலூர். 1994இல் வெளிவந்த ஜூலியட் பார்க்கரின் பெருநூல் இதைச் சான்றுகளோடு நிறுவியது. பார்க்கரின் நூல் சில இடங்களில் பாட்ரிக்குக்காக வாதாடும் வழக்கறிஞரின் தொனியைப் பெற்றுவிடுகிறது என்பது என் எண்ணம். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சாய்வை நிமிர்த்த முயல்பவர் மறுபுறம் சற்றுச் சாய்வதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குருமனையின் இருபுறமும் கல்லறைத் தோட்டம் சூழ்ந்திருந்தது. காஸ்கல் அதை முதல் அதிகாரத்திலேயே காட்டி, அதன் இருளை நூல் முழுவதும் படரவிடுகிறார். இலக்கியமாக இது மிகச் சிறந்த உத்தி. ஆனால் அந்தக் கல்லறைகளுக்கு ஒவ்வொரு வாரமும் நடந்து சென்றவர் ஆயர் அல்லவா? அவருக்கு அது வளிமண்டலமன்று, வேலை. 1849இல் பொதுச் சுகாதார வாரியத்திற்கு விண்ணப்பம் அனுப்புவதில் பாட்ரிக் முன்னின்றார். 1850இல் வந்து ஆராய்ந்த பெஞ்சமின் பாபேஜின் அறிக்கை, ஹாவொர்த்தில் இறப்போரின் சராசரி வயது 25.8 என்றும், பிறந்தவர்களில் 41 சதவீதத்திற்கு மேற்பட்டோர் ஆறு வயதிற்குள் மடிகின்றனர் என்றும் கண்டது. கழிப்பிடங்கள் மிகக் குறைவு; குடிநீரில் மாசு. வரி கூடும் என்று அஞ்சிய நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பால், நல்ல நீர் வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. பாட்ரிக் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். காஸ்கல் இதை அறியாதவரல்லர்; இரண்டாம் தொகுதியில் சுருக்கமாகச் சொல்லவும் செய்கிறார். ஆனால் காலணிக் கதை வாசகர் மனத்தில் தங்குவதுபோல் குழாய்நீர்க் கதை தங்குவதில்லை. 1832இல் எழும்பிய ஞாயிறு பள்ளிக் கட்டடமும், 1837இல் புதிய ஏழையர் சட்டத்தை எதிர்த்து அவர் எழுப்பிய குரலும் அவ்வாறே. திருப்பணியின் பெரும்பகுதி கதைக்கு உதவாத செய்தியாயிற்றே.

இவ்வளவு சொன்னபின், இந்நூல் எங்கே உயர்ந்து நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பெண்மக்கள் வளர்ந்தபின் காஸ்கல் வீட்டிற்குள் நுழைந்துவிடுகிறார். எமிலி சமையலறையில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டே, எதிரில் விரித்துவைத்த ஜெர்மன் பாடத்தைப் படிக்கிறாள். முதிய பணிப்பெண் டாபிக்குக் கண் மங்கிவிட்டதால் அவள் தோல் சீவிய உருளைக்கிழங்கில் கறைகள் தங்கிவிடுகின்றன. அவள் மனம் புண்படாதபடி, எழுதிக்கொண்டிருக்கும் ஷார்லட் பாதியில் எழுந்து சென்று, அவளறியாமல் அவற்றை அகற்றிவிட்டு வந்து மீண்டும் எழுதுகிறார். இரவு ஒன்பது மணிக்குமேல் மூன்று சகோதரியரும் உணவறை மேசையைச் சுற்றி நடந்தபடி கதைகளைப் பேசுகின்றனர். பின்னாளில் ஷார்லட் தனியே நடக்கிறார். இப்பக்கங்களைக் கண்ணீரின்றிப் படிப்பது கடினம். இவற்றிற்கு ஆதாரம், ஷார்லட் தம் தோழி எலன் நஸ்ஸிக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களும், காஸ்கல் 1853இல் அவ்வீட்டில் விருந்தாளியாகத் தங்கியபோது கண்டவையும். கடிதம் இருந்த இடத்தில் உட்புறம் தெரிகிறது. கடிதம் இல்லாத இடத்தில் தெருப்பேச்சு புகுந்துகொள்கிறது.

மரியாவைப் பற்றி எஞ்சியவையோ மிகச் சில. திருமணத்திற்கு முன் அவர் பாட்ரிக்குக்கு எழுதிய கடிதங்களை, 1850இல்தான் தந்தை ஷார்லட்டிடம் கொடுத்தார். மகளுக்கு அப்போது வயது 33. காஸ்கல் அவற்றிலிருந்து சில பகுதிகளை எடுத்துக்காட்டுகிறார். அறிவும் குறும்பும் இறைப்பற்றும் கலந்த ஒரு பெண்மணி அங்கே ஒரு கணம் தோன்றி மறைகிறார். ஹாவொர்த்தில் அவர் வாழ்ந்த ஒன்றரையாண்டுக்கு அவர் கையெழுத்தில் சாட்சி இல்லை. நம் சேகரங்களின் நூற்றாண்டு மலர்களிலும் ஆயர்களின் பெயரும் ஆண்டும் வரிசையாக இருக்கும். ஆயரின் மனைவி எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே நோயுற்றார், யார் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தார் என்பதற்கு ஒரு வரியும் இராது. தங்கைக்குப் பணிவிடை செய்யத் தென்கோடியிலிருந்து வந்த அக்காள் எலிசபெத் பிரான்வெல், திரும்பிச் செல்லாமல் 1842இல் இறக்கும்வரை இருபத்தோராண்டுகள் பிள்ளைகளை வளர்த்தார். குளிர்ந்த கல்தரைக்கு அஞ்சி வீட்டிற்குள்ளும் மரப்பாதுகை அணிந்து நடந்த கிழவியாகவே காஸ்கல் இவரை நம் கண்முன் நிறுத்துகிறார். தென்கடற்கரையின் வெதுவெதுப்பை விட்டு இந்த மலைக்குளிரில் தங்கிவிட்டது எத்தகைய தியாகம் என்பதை அந்தப் பாதுகையின் ஓசையே சொல்லுகிறது. அவர் விட்டுச்சென்ற பணம் உதவியதாலேயே சகோதரியர் 1846இல் தம் கவிதைகளைத் தாமே செலவு செய்து அச்சிட முடிந்தது.

காஸ்கலின் நூல் 1857இல் முடிகிறது. அவ்வீட்டின் கதை 1861இல்தான் முடிகிறது. அவ்வாண்டு ஜூன் 7 அன்று, தம் 84ஆம் வயதில், பாட்ரிக் இறந்தார். ஷார்லட்டின் கணவராகிய ஆர்தர் பெல் நிக்கல்ஸ், 1845இல் உதவிக் குருவாக வந்தவர். மனைவி இறந்தபின்னும் மாமனாரை விட்டு நீங்காமல் ஆறாண்டுகள் சேகரப்பணியைச் சுமந்தவர். அவரே அடுத்த ஆயராவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். நியமனத்தில் டிரஸ்டிகளின் சொல் மீண்டும் ஒலித்தது, அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. வீடு சபையுடையது, காலி செய்யவேண்டும். அக்டோபரில் குருமனைச் சாமான்கள் ஏலத்திற்கு வந்தன. நிக்கல்ஸ் அயர்லாந்தின் பனகர் ஊருக்குத் திரும்பி, விவசாயம் செய்து வாழ்ந்து, 1906இல் இறந்தார். வேறெந்தச் சேகரத்தையும் அவர் ஏற்கவில்லை. அந்தக் குருமனை 1928இல் அருங்காட்சியகமாயிற்று. ஏலத்திற் சிதறிய பொருள்களைத் தேடித் திரும்பக் கொணர அதன் பொறுப்பாளர்கள் பல்லாண்டு பாடுபட்டனர்.

மாணவர்களுக்கு ஒன்று கூறவேண்டும். நூல் வெளிவந்த சில மாதங்களுக்குள், வழக்கு அச்சுறுத்தல்களால் முதலிரு பதிப்புகள் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டு, அவ்வாண்டே திருத்திய மூன்றாம் பதிப்பு வந்தது. பாட்ரிக்கைப் பற்றிய கதைகளுள் பெரும்பாலானவை அதில் நீக்கப்பட்டுள்ளன. இன்று விற்பனையிலுள்ள பதிப்புகளிற் சில முதற்பதிப்பின் பாடத்தையும், சில மூன்றாம் பதிப்பின் பாடத்தையும் தருகின்றன. எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை முன்னுரையில் பார்த்துக்கொண்டு படிக்கத் தொடங்குவது நல்லது. இயலுமெனில், மரியாவின் மரணத்தைச் சொல்லும் அதிகாரத்தை மட்டுமாவது இரு பாடங்களிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீக்கிய இடத்தில் புதிதாக ஏதும் எழுதப்படவில்லை.